வெயில் ஊர், நிழல் மாடி: ஒரு வீட்டுச் சூரிய மின்சாரத்தின் முதல் ஆண்டு

பின்னணி

ஆண்டில் பெரும்பாலான நாட்கள் வெயில் அடிக்கும் ஒரு வெப்ப மண்டல நகரத்தில், நிலநடுக்கோட்டுக்கு வடக்கே இருக்கும் ஒரு தனி வீடு. தரைத்தளத்தில் ஓய்வுபெற்ற தம்பதியர், மாடியில் மகனின் குடும்பம். மகனும் மருமகளும் பகலில் வேலைக்குப் போய்விடுவார்கள். மாதச் செலவு சராசரியாக 420 யூனிட், ஆண்டுக்கு ஏறக்குறைய 5,040 யூனிட். இரவில் ஓடும் இரண்டு ஏசிகளே இதில் பெரும்பங்கு.

மொட்டை மாடியில் சூரிய பேனல் போட முடிவு செய்து, ஒரு நிறுவனத்திடம் திட்ட மதிப்பீடு வாங்கினார்கள். 540 வாட் பேனல் 10, மொத்தம் 5.4 கிலோவாட். "ஒரு கிலோவாட்டுக்குத் தினமும் 5 யூனிட் வரும்" என்று அதில் எழுதியிருந்தது. அப்படிப் பார்த்தால் ஆண்டுக்கு 9,855 யூனிட். இந்த இடத்தில்தான் குடும்பம் என்னிடம் கருத்துக் கேட்டது. வீடுகளுக்கு இப்படி மதிப்பீடு பார்த்துச் சொல்வது என் வேலை.

பெரியவர் கேட்ட முதல் கேள்வி: "இந்த ஊரில் வெயிலுக்கா பஞ்சம்? பிறகு எதற்கு சார் இவ்வளவு ஆராய்ச்சி?"

நியாயமான கேள்விதான். ஆனால் வெயில் குறைந்த ஜெர்மனியில் 1 கிலோவாட் பேனல் ஆண்டுக்குச் சுமார் 1,000 யூனிட்தான் தருகிறது. அங்கேதான் வீட்டுக் கூரைகளில் சூரிய மின்சாரம் உலகத்தின் பல வெயில் நாடுகளுக்கு முன்பே பரவியது. நகரத்துக்கு எவ்வளவு வெயில் என்பது ஒன்று. அதில் ஒரு குறிப்பிட்ட மாடிக்கு எவ்வளவு வந்து சேர்கிறது, அதை அந்த வீடு எந்த நேரத்தில் பயன்படுத்துகிறது என்பது வேறு. இந்த வீட்டின் கதை முழுக்க அந்த இடைவெளிக்குள் நடந்தது.

மதிப்பீட்டில் கண்டது

முதலில் அந்த 5 யூனிட். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு நாளில் விழும் சூரிய ஆற்றல் இந்த நகரத்தில் 5 யூனிட்டுக்குச் சற்று மேல். பேனலின் கிலோவாட் அளவு, ஒரு சதுர மீட்டரில் 1 கிலோவாட் வெயில் விழும்போது அது தருவதைக் குறிக்கும். ஆகவே இழப்பே இல்லாவிட்டால் ஒரு கிலோவாட்டுக்கு அதே 5 யூனிட் வரும். ஆனால் அவ்வளவும் மீட்டருக்கு வராது. பேனலின் சூடு, தூசி, கம்பி, பேனல் தரும் நேர்மின்சாரத்தை (டிசி) வீட்டுக்கான மாறுமின்சாரமாக்கும் இன்வெர்ட்டர் எல்லாம் தங்கள் பங்கை எடுத்துக்கொண்ட பிறகு முக்கால் பங்கோ அதற்குச் சற்று மேலோதான் மிஞ்சும். அதாவது ஒரு கிலோவாட்டுக்கு நாளொன்றுக்கு 4 யூனிட் அளவில். விழும் அளவை வரும் அளவாக எழுதிவிட்டார்கள். இந்தத் தவறைப் பல மதிப்பீடுகளில் பார்த்திருக்கிறேன். சரிபார்ப்பதும் கடினமில்லை. ஐரோப்பிய ஆணையத்தின் பிவிஜிஐஎஸ், உலக வங்கி ஆதரவில் இயங்கும் குளோபல் சோலார் அட்லஸ் இரண்டும் இலவச இணையக் கருவிகள். வரைபடத்தில் வீட்டைத் தொட்டால் உத்தேச உற்பத்தி வந்துவிடும். ஆனால் மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி அவற்றுக்குத் தெரியாது.

அடுத்தது நிழல். இதில் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மாடியின் தென்கிழக்கு மூலையில் படிக்கட்டு அறை, அதன் தலையில் தண்ணீர்த் தொட்டி. இரண்டும் சேர்ந்து மாடித் தளத்திலிருந்து சுமார் 4 மீட்டர் உயரம். மேற்கே ஒட்டினாற்போல் இரண்டு மாடி கூடுதலாக உயர்ந்த ஒரு கட்டடம். நிறுவனத்தின் ஆள் அளவெடுக்க வந்தது மே மாதம், நண்பகல் நேரம். வெப்ப மண்டலத்தில் அப்போது சூரியன் ஏறக்குறைய உச்சந்தலையில் நிற்கும். நிழல் காலடியிலேயே சுருண்டு கிடக்கும். அவர் பார்த்தபோது மாடி முழுக்க வெயில். அவர் எழுதியதில் பொய் ஏதும் இல்லை. ஆனால் பார்த்த நேரம், நிழல் கண்ணில் படவே படாத நேரம்.

டிசம்பரில் சூரியன் தெற்கே சாய்ந்துவிடும். அதே படிக்கட்டு அறையின் நிழல் நண்பகலில் சுமார் 3 மீட்டர் வடக்கே நீளும். காலை 9 மணி வாக்கில் 6 மீட்டரையும் தாண்டி வடமேற்காக மாடியின் குறுக்கே படுக்கும். மேற்குக் கட்டடத்தின் நிழலோ ஆண்டு முழுக்க, மதியம் 3 மணிக்குப் பிறகு மாடியின் மேற்குப் பாதியை மூடிவிடும்.

இதைக் கணினியில் காட்டினால் யாருக்கும் மனதில் பதியாது. ஆகவே மாடியிலேயே வரைந்தோம். ஒரு நாள் காலை 9, நண்பகல், மாலை 3 என மூன்று வேளை நிழலின் ஓரத்தைச் சாக்பீஸால் கோடிட்டோம். டிசம்பர் நிழலைச் சூரியப் பாதை வரைபடத்தை வைத்துக் கணக்கிட்டு வேறு நிறத்தில் வரைந்தோம். வரைந்து முடித்தபோது, 10 பேனல் திட்டத்தில் 4 பேனல் ஏதாவது ஒரு கோட்டுக்குள் வந்து விழுந்தது. மருமகள் அந்தக் கோடுகளுக்குள் நின்று பார்த்துவிட்டு, "மாமா, இந்த நாலும் வேண்டாம்" என்றார்.

நாலு பேனல் கொஞ்ச நேரம் நிழலில் இருந்தால் நாலு பேனல் அளவு இழப்புதானே என்று தோன்றும். அதோடு முடிவதில்லை. பேனலுக்குள் ஒளியை மின்சாரமாக்கும் சிலிக்கான் செல்கள் வரிசையாகக் கோக்கப்பட்டிருக்கின்றன. அந்த வரிசையில் ஓடும் மின்னோட்டத்தை மிகவும் பலவீனமான செல் கட்டுப்படுத்தும். தண்ணீர்க் குழாயில் ஒரு இடத்தை மிதித்தால் முழுக் குழாயிலும் ஓட்டம் குறைவது மாதிரி. இதைச் சமாளிக்கத்தான் ஒவ்வொரு பேனலிலும் பொதுவாக மூன்று பைபாஸ் டையோடுகள் இருக்கின்றன. நிழல் விழுந்த மூன்றில் ஒரு பகுதியை விலக்கிவிட்டு மீதி ஓடும். ஆகவே உள்ளங்கை அகல நிழலுக்கே ஒரு பேனலின் மூன்றில் ஒரு பங்கு போய்விடலாம். பத்துப் பேனலும் ஒரே வரிசையில் இருந்தால் இன்வெர்ட்டர் அதிக மின்சாரம் கிடைக்கும் புள்ளியைத் தேடித் தடுமாறவும் செய்யும்.

மூன்றாவதாகக் கண்டது எளிது. ஆண்டுக்கு 5,040 யூனிட் செலவாகும் வீட்டுக்கு 9,855 யூனிட் வரும் என்று ஒரு திட்டம். அது உண்மையாகவே வந்தாலும் பாதி மின்சாரம் இந்த வீட்டுக்குத் தேவையே இல்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

அளவு. மாடியின் நடுவிலிருந்து வடக்காக, எந்தக் கோட்டுக்குள்ளும் வராத ஒரு பகுதி இருந்தது. அதில் 6 பேனல், 3.24 கிலோவாட், ஒரே வரிசை. மொத்தப் பரப்பு 16 சதுர மீட்டருக்குள்தான். 1954ல் பெல் ஆய்வகத்தில் காட்டப்பட்ட, நடைமுறைக்கு உதவும் முதல் சிலிக்கான் செல் தன்மேல் விழும் ஒளியில் சுமார் 6 சதவீதத்தைத்தான் மின்சாரமாக்கியது. இந்தப் பேனல்கள் 21 சதவீதம் அளவுக்குத் தருகின்றன. நெருக்கமான நகரத்து மாடிகளுக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை. எதிர்பார்த்த உற்பத்தி ஆண்டுக்கு 4,700 யூனிட்.

பேனலுக்கு ஒன்றாக மைக்ரோ இன்வெர்ட்டர் வைத்து நிழல் பகுதியையும் பயன்படுத்தலாமா என்றும் பேசினோம். நிழல் தவிர்க்க முடியாத மாடிகளில் அது நல்ல வழி. இங்கே நிழலில்லாத இடமே தேவைக்குப் போதுமானதாக இருந்ததால் அந்தக் கூடுதல் செலவு வேண்டாமென்று விட்டோம்.

சாய்வு. தெற்கு நோக்கி 12 பாகை. இந்த அகலாங்குக்கு அது பொருந்தும். மழைநீர் வழிந்து தூசியைக் கொண்டுபோகவும் குறைந்தது 10 பாகை சாய்வு வேண்டும்.

உயரம். பேனலின் அடியில் காற்று ஓட வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தேன். பேனலின் திறன் 25 டிகிரி செல் வெப்பநிலையில் சோதிக்கப்பட்டு எழுதப்படுகிறது. வெயில் நகரத்துக் கோடை மதியத்தில் செல் 60, 65 டிகிரி வரை போகும். ஒவ்வொரு டிகிரிக்கும் 0.35 சதவீதம் என்று வைத்தால் 40 டிகிரிக்கு 14 சதவீதம் காணாமல் போகும். தளத்தோடு ஒட்டி மாட்டினால் இன்னும் மோசம். ஸ்டாண்டை உயர்த்தினோம். காற்று தூக்கிவிடாதபடி, தளத்தின் நீர்த்தடுப்புப் பூச்சில் துளையிடாமல், கான்கிரீட் கட்டைகளின் எடையால் நிறுத்தினோம். கட்டைகளின் எடையைத் தளம் தாங்குமா என்று கட்டடப் பொறியாளர் ஒருவர் பார்த்துச் சொன்ன பிறகுதான் வேலை தொடங்கியது.

பேட்டரி. பெரியவருக்கு ஆசை இருந்தது. வீட்டில் ஏற்கெனவே விளக்கும் விசிறியும் ஓடும் அளவுக்கு ஒரு பழைய இன்வெர்ட்டரும் லெட் ஆசிட் பேட்டரியும் இருந்தன. மின்வெட்டு இங்கே அடிக்கடி வருவதில்லை, வந்தாலும் நீளாது. உபரி மின்சாரத்தை மின் விநியோக நிறுவனம் நம் செலவிலிருந்து யூனிட்டுக்கு யூனிட் கழித்துக்கொள்கிறது. இந்த நிலையில் லித்தியம் பேட்டரியின் செலவு திரும்பி வராது என்று கணக்குக் காட்டியதும் ஒப்புக்கொண்டார்.

ஒன்றை மட்டும் எழுதியே கொடுத்தேன்: பேட்டரி இல்லாத இந்த அமைப்பு, மின்வெட்டின்போது பட்டப்பகலிலும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்கிறவர் லைன் அணைந்திருக்கிறது என்று நம்பிக் கை வைப்பார். அந்த நேரம் நம் மாடியிலிருந்து மின்சாரம் அந்தக் கம்பிக்குப் போகக் கூடாது. அதற்காகவே இன்வெர்ட்டர் தன்னை நிறுத்திக்கொள்ளும்.

நிறுவும்போது

நிறுவும் வேலை சுமுகமாகவே நடந்தது. ஒரு விஷயம் மட்டும் சொல்ல வேண்டும். கடைசிச் சோதனையில், பேனல்களை இணைக்கும் இரண்டு டிசி கனெக்டர்கள் வெவ்வேறு தயாரிப்பு என்று தெரிந்தது. பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், சொருகினால் சொருகவும் செய்யும். ஆனால் உள்ளே தொடுபரப்பு சரியாகப் பொருந்தாமல் நாளடைவில் சூடேறி உருகலாம். டிசி மின்சாரத்தில் தீப்பொறி பிடித்தால் தானாக அணைவது கடினம்; வெயில் இருக்கும் வரை பேனலை அணைக்கவும் முடியாது. மாற்றச் சொன்னோம், உடனே மாற்றினார்கள். எர்த், மின்னல் எழுச்சிப் பாதுகாப்பு, டிசி சுவிட்ச் மூன்றையும் கையால் தொட்டுச் சரிபார்த்த பிறகே கையெழுத்து.

அப்புறம், வெளியே தருவதையும் உள்ளே வாங்குவதையும் எண்ணும் நெட் மீட்டருக்கான ஆய்வுக்குச் சில வாரம் காத்திருந்தார்கள்.

முதல் ஆண்டில் நடந்தது

மீட்டர் ஓடத் தொடங்கிய வாரமே முதல் புகார். நல்ல கோடை, மேகமில்லாத மதியம், ஆனால் கைபேசிச் செயலியில் 2.5 கிலோவாட்டுக்கு மேல் ஏறவே இல்லை. "3.24 என்று சொல்லிக் குறைவான பேனலைத் தலையில் கட்டிவிட்டார்களோ" என்று மகனுக்குச் சந்தேகம். சூட்டுக்கு 14 சதவீதம், இன்வெர்ட்டர், கம்பி, மெல்லிய தூசிப் படலம் ஆகியவற்றுக்குக் கொஞ்சம் கொஞ்சம் என்று கழித்தால் 2.6க்குப் பக்கத்தில்தான் வரும். கணக்கைக் காட்டினேன். முழுதாக நம்பவில்லை. பிறகு ஒரு நாள் மழை பெய்து, மறுநாள் வானம் கழுவிவிட்டதுபோல் தெளிந்து குளிர்ந்த காற்று வீசியபோது 2.9 வந்தது. அன்றைக்கு அவரே திரைப்பதிவு எடுத்து அனுப்பினார்.

மாதக் கணக்கும் அதையே சொன்னது. அதிகம் விளைந்தது கொளுத்தும் மே மாதத்தில் அல்ல, மார்ச்சில். மார்ச்சில் நாளுக்கு 15 யூனிட், மேயில் 13, மழையும் மேகமுமான மாதங்களில் 10.

ஆனால் இந்த ஆண்டின் பெரிய மாற்றம் மாடியில் நடக்கவில்லை, தரைத்தளத்தில் நடந்தது. முதல் இரண்டு மாதம், விளைந்த மின்சாரத்தில் 31 சதவீதத்தை மட்டுமே வீடு நேரடியாக எடுத்துக்கொண்டது. மீதி வெளியே போனது. பகலில் வீட்டில் இருப்பவர்கள் பெரியவரும் அம்மாவும்தான். மோட்டாரும் சலவை இயந்திரமும் பழக்கப்படி விடிகாலையிலேயே ஓடிக்கொண்டிருந்தன. அம்மா அவற்றைக் காலை 10 மணிக்கு மேல் மாற்றினார். இஸ்திரி மதியத்துக்கு வந்தது. தண்ணீர் ஹீட்டருக்கு டைமர் வைத்து, மதியமே சூடாக்கி மாலைக்கு வைத்துக்கொண்டார்கள். மாடிப் படுக்கையறை ஏசியைப் பேனல் இன்னும் விளைந்துகொண்டிருக்கும் 3 மணி வாக்கில் சற்று நேரம் ஓட்டி அறையை முன்கூட்டியே குளிரவைத்தார்கள். அடுத்த பத்து மாதத்தில் அந்த 31 சதவீதம் 45 ஆனது. ஒரு பொருளும் புதிதாக வாங்கவில்லை, டைமர் ஒன்றைத் தவிர. இதைச் செய்தவர் அம்மா. செயலியைத் திறந்துகூடப் பார்க்காமல், மாடியில் வெயில் ஏறியதா என்று பார்த்தே செய்தார். இந்த அறிக்கையில் யாரையாவது பாராட்ட வேண்டுமென்றால் அவரைத்தான்.

தூசி. தெருமுனையில் கட்டட வேலை நடந்த காலத்தில் உற்பத்தி மெல்ல இறங்கியது. தெளிந்த நண்பகலில் 2.5 வர வேண்டிய இடத்தில் 2.3. கழுவிய மறுநாள் பழைய அளவு திரும்பியது. அதாவது தூசி மட்டும் 8 சதவீதத்தைத் தின்றிருக்கிறது. கழுவுவது விடியற்காலையில், மென்மையான துடைப்பானால், உப்பு குறைந்த நீரால் மட்டும். கொதிக்கும் கண்ணாடியில் குளிர்ந்த நீரை ஊற்றினால் விரிசல் விடலாம். உப்பு நீர் காய்ந்தால் வெள்ளைப் படலம் படியும். பறவை எச்சத்தைத் தள்ளிப்போடக் கூடாது. அந்தச் சின்ன மறைப்பின் கீழ் இருக்கும் செல் சூடேறிப் புண்ணாகிவிடும்.

மின்வெட்டு. மழைக்காலத்தில் தெருவின் மின்மாற்றி பழுதாகி ஒரு பகல் முழுக்க மின்சாரம் இல்லை. வானமோ தெளிவாக இருந்தது. விடுப்பில் வீட்டிலிருந்த மருமகள் கோபமாக அழைத்தார்: "இவ்வளவு வெயில் அடிக்கிறது, ஒரு விசிறிகூடச் சுற்றவில்லையே!" பழைய பேட்டரி மதியத்தோடு தீர்ந்துவிட்டிருந்தது. எழுதிக் கொடுத்தது அலமாரியில் இருந்தது. ஆனாலும் படித்துத் தெரிந்துகொள்வதும் வியர்வையோடு தெரிந்துகொள்வதும் ஒன்றல்ல. அவர் கோபம் எனக்கு நியாயமாகவே பட்டது.

மின்னழுத்தம். அதே தெருவில் இன்னும் சில வீடுகள் பேனல் போட்ட பிறகு, சில நண்பகல்களில் இன்வெர்ட்டர் தானாக நின்று நின்று ஓடியது. எல்லா மாடிகளும் ஒரே நேரத்தில் மின்சாரத்தைத் தெருக் கம்பிக்குத் தள்ளும்போது அங்கே மின்னழுத்தம் உயர்கிறது. அளவு மீறினால் இன்வெர்ட்டர் விலகிக்கொள்ளும். பதிவுகளோடு புகார் கொடுத்ததும் விநியோக நிறுவனம் மின்மாற்றியில் மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கும் டேப்பை மாற்றிச் சரிசெய்தது. ஒரு நகரத்தின் மாடிகளை எல்லாம் கூட்டி இத்தனை மெகாவாட் சாத்தியம் என்று சொல்கிறவர்கள், அந்த மின்மாற்றிகளையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

பக்கத்து வீடு. ஆண்டின் கடைசிப் பகுதியில் தெற்கு வீட்டுக்காரர் மாடியில் புதிய தொட்டி மேடை கட்டத் தொடங்கினார், நம் எல்லையை ஒட்டிய வடக்கு ஓரத்தில். டிசம்பர் நண்பகலில் அதன் நிழல் நேராகப் பேனல் மேல் விழும். பெரியவர் சண்டைக்குப் போகவில்லை. அவரை மாடிக்கு அழைத்துவந்து, மங்கிப்போயிருந்த சாக்பீஸ் கோடுகளைக் காட்டி, புதிய நிழல் எங்கே விழும் என்று விளக்கினார். தொட்டி தன் மாடியின் தெற்கு மூலைக்குப் போனது. தன் வீட்டுக்கும் அதே மாதிரி கோடு போட்டுத் தர முடியுமா என்று அவர் கேட்டிருக்கிறார்.

ஆண்டு இறுதிக் கணக்கு

விளைந்தது 4,480 யூனிட். எதிர்பார்த்ததைவிட ஏறக்குறைய 5 சதவீதம் குறைவு. தூசி, நீண்ட மேகமூட்டம், மின்னழுத்தத்தால் நின்ற நேரம் ஆகியவை காரணம். அதில் வீடு நேரடியாக எடுத்தது சுமார் 1,900, வெளியே போனது 2,580. ஆண்டுச் செலவு மாறாமல் 5,040 என்பதால், யூனிட்டுக்கு யூனிட் கழித்த பிறகு கட்டணம் வந்தது 560 யூனிட்டுக்கு மட்டும்.

இன்றைய முறைப்படி போட்ட பணம் 5 ஆண்டில் திரும்பும் என்று கணக்கிட்டோம். ஆனால் உலகின் பல இடங்களில் விதி மாறிவருகிறது: வெளியே தரும் யூனிட்டுக்குக் குறைந்த விலை, உள்ளே வாங்கும் யூனிட்டுக்கு முழு விலை. வெளியே போவதற்குப் பாதி மதிப்புதான் என்று வைத்தால், 4,480க்குப் பதில் 3,190 யூனிட்டின் பலனே கிடைக்கும். 5 ஆண்டு 7 ஆகும். பத்துப் பேனல் திட்டத்துக்கு அந்த மாற்றம் இன்னும் கடுமையாக விழுந்திருக்கும், ஏனென்றால் அதில் பெரும்பகுதி வெளியே போகவே விளைந்திருக்கும்.

அடுத்த வீட்டில் மாற்றிச் செய்யவிருப்பவை

நிழலை நம் மாடிப் பொருட்களால் மட்டும் வரையாமல், தெற்கிலும் கிழக்கிலும் மேற்கிலும் உள்ள வீடுகள் இன்னும் ஒரு மாடி எழுப்பினால் என்ன ஆகும் என்றும் வரைய வேண்டும். அக்கம்பக்கத்தாரிடம் பேனல் ஏறுவதற்கு முன்பே பேசிவிடுவது நல்லது. தெற்கு வீட்டுக்காரர் இணக்கமானவராக வாய்த்தார். எல்லோருக்கும் அப்படி வாய்க்காது.

மின்வெட்டுப் பற்றி எழுதிக் கொடுத்தால் போதாது. நிறுவிய அன்றே, உச்சி வெயிலில் மெயின் சுவிட்சை அணைத்து, வீட்டில் எல்லோரும் பார்க்க இன்வெர்ட்டர் நிற்பதைக் காட்டிவிட வேண்டும். பேட்டரி வேண்டுமா வேண்டாமா என்ற முடிவை அதற்குப் பிறகு எடுக்கலாம். ஆகவே பேட்டரி பின்னால் சேர்க்கக்கூடிய ஹைப்ரிட் இன்வெர்ட்டரின் விலையையும் முதல் மதிப்பீட்டிலேயே கேட்டு வாங்குகிறோம்.

எந்த வேலை எந்த நேரத்தில் நடக்கிறது என்ற பட்டியலை, அளவை முடிவு செய்யும் முன்பே வீட்டில் பகல் முழுக்க இருப்பவரோடு உட்கார்ந்து எழுத வேண்டும். இங்கே நாங்கள் பேசியது பெரும்பாலும் பெரியவரோடும் மகனோடும்தான். மோட்டார் எத்தனை மணிக்கு ஓடுகிறது என்பது அம்மாவுக்குத்தான் தெரிந்திருந்தது.